கட்டண வகை மாற்றம்

நாகலூர் சாலையில் பஸ் என்னை இறக்கிவிட்டபோது
மணி பத்தேகால். பனி இன்னும்
சில்வர் ஓக் மரங்களின் இடுப்பிலேயே நின்றது.
கையில் கோப்பு. உள்ளே ஒரு விண்ணப்பம்:
'வணிகம் என்றிருப்பதை வழிபாட்டிடம் என்று மாற்றித் தரவும்.'
கீழே நடுங்கிய கையெழுத்து, அ. தைரியநாதன்.

குவேக்கர்கள் கட்டினதாம்.
அந்தப் பேரை நான் ஓட்ஸ் டப்பாவில்தான் பார்த்திருக்கிறேன்.

ஓட்டுக் கட்டடம், சுண்ணாம்புச் சுவர்.
எஸ்டேட்டின் காப்பிக் குடோன் என்று நினைத்துத்
தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன்.
நிலைக்கு மேல் வருஷம் மட்டும் வெட்டியிருந்தது.
அதிலும் கடைசி எண்ணை மிளகுக்கொடி மூடிவிட்டது.

உள்ளே பெஞ்சுகள்,
ஒன்றையொன்று பார்த்தபடி.
பீடம் எங்கே என்றேன். இல்லை.
சிலுவை? மணி? படம்? ஒரு உண்டியலாவது?
ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்கிறவர்போல்
தலையசைத்தார் தைரியநாதன்.
"பாதிரியார்?"
"யாரும் இல்லைங்க."
"அப்போ இங்கே என்னதான் செய்வீங்க?"
"உட்கார்ந்திருப்போம்."
"அப்புறம்?"
"எழுந்து வீட்டுக்குப் போவோம்."

படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது.

பதினொன்றுக்கு ஆரம்பம், இருந்து பார்த்துவிட்டு எழுதுங்கள் என்றார்.
வந்தவர்கள் மூன்று பேர்.
பேக்கரி பிலோமினா, முழங்கையில் மாவோடு.
ஜீப் ஓட்டும் காசிலிங்கம்.
பிறகு, குறுக்குப் பாதையில் நடந்தே வந்த பூங்காவனம்;
புடவைக் கரையில் ஒட்டிய புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கி
வாசலுக்கு வெளியே போட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

ஆரம்பம் என்று யாரும் சொல்லவில்லை.
பேச்சு நின்றது, அவ்வளவுதான்.

முதலில் என் கண் போனது மீட்டருக்கு.
ஒரே ஒரு பல்புக்காகத் தகடு ஊர்ந்துகொண்டிருந்தது.
அப்புறம் ஓட்டிலிருந்து பனி சொட்டும் சத்தம்.
அப்புறம் என் வயிறு.
அப்புறம், கூப்பிடாமலே,
வெள்ளக்கடையில் அந்த வீடு.
போன மார்ச்சில்
நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்க்காக நான் ஃபியூஸ் பிடுங்கிய வீடு.
பரீட்சைப் புத்தகத்தை மூடி,
விரலைப் பக்கத்துக்குள்ளேயே விட்டபடி
ஒரு பெண் என்னைத் திட்டாமல் பார்த்தாளே, அந்த வீடு.
சட்டப்படிதான் செய்தேன்.
சட்டப்படிதான், சட்டப்படிதான் என்று
அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பூங்காவனம் எழுந்தாள்.
"நேத்து ராத்திரி காட்டெருமை களத்துக்குள்ள வந்துச்சு.
கல்ல விட்டெறிஞ்சேன்.
கண்ணுல பட்டிருக்கும்."
உட்கார்ந்துவிட்டாள்.
யாரும் பதில் சொல்லவில்லை.
பரவாயில்லை என்றுகூட.
காசிலிங்கம் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

என் முழங்கால் ஒருமுறை நிமிரப் பார்த்தது.
மடியில் கோப்பு இருந்தது,
அதைப் பிடித்துக்கொண்டேன்.

பன்னிரண்டுக்குப் பக்கத்திலிருந்தவர் கையைக் குலுக்கினார்கள்.
முடிந்ததாம்.
பிலோமினா ஒரு பன்னைத் தாளில் சுற்றித் தந்தாள்.

ஆய்வுக் குறிப்பு.
பீடம்: இல்லை. சிலை: இல்லை.
மின்சுமை: நாற்பது வாட், பல்பு ஒன்று.
வழிபாடு நடைபெறுகிறதா?
அதைக் கடைசிக்கு விட்டேன்.
வந்திருந்தோர்: நான்கு
என்று எழுதி, அடித்து, ஐந்து என்றேன்.
அடித்த இடத்தில் முறைப்படி சுருக்கொப்பமும் வைத்தேன்.
பிறகு மேலே போய், ஆம்.

சாலையில் சேலம் வண்டி வந்து நின்றது.
கண்டக்டரிடம் கேட்டேன், வெள்ளக்கடைக்கு பஸ் இருக்கா?
"மூணு மணிக்கு ஒண்ணு. போனா இன்னிக்குத் திரும்ப வண்டி கிடையாது.
இப்போ ஏறுறீங்களா, இல்லையா?"

பன்னில் பாதி மிச்சமிருந்தது.
மைல்கல்மேல் உட்கார்ந்தேன்.